பதினோரு மைல் சுமை

சால்மன், ஐடஹோ
செப்டம்பர் 8, 1994

வெர்னா அக்கா,

அக்கா என்று எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம். எழுதியதை அடிக்கப் பிடிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. மேலே உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னேன். மார்லிஸ் கேட்கவில்லை. "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு, உன்னைக் கட்டிக்கிட்டதைத் தவிர நான் என்ன பாவம் பண்ணேன்? பெட்டியில என்ன இருக்குன்னு நான் பாக்கணும்" என்று சமையலறைக் கத்தியால் கிழித்துவிட்டாள். இப்போது அந்த முதுகுப்பை எங்கள் கூடத்தில் மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் அதைக் கண்டும் காணாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மூன்று வருஷம் ஒரு வரி இல்லை. திடீரென்று ஒரு பை. கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என்ன நினைத்து அனுப்பினாய்?

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். 1991 அக்டோபர். நீ வேலை செய்யும் பட்டறையில் தைத்த பை. அதில் எல்க் மானின் ஒரு பின்னங்கால், தொண்ணூறு பவுண்டுக்கு மேல் ஒரு பிடி இல்லை. ஓடைக்கு மேலே சரிவில் இறங்கும்போது வலது தோள்வார் அடியோடு பிய்ந்தது. சுமை இடப்பக்கம் சாய்ந்து என்னையும் கொண்டுபோனது. முப்பது அடி உருண்டேன். முழங்கால் மூன்று துண்டு. வேட்டைக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க்கொண்டிருந்தவன் இன்று சாமான் கடையில் ஆணி எடை போடுகிறேன்.

அதற்கு உன் முதலாளி வாரன் அனுப்பிய கடிதம் இரண்டே வரி. "அளவுக்கு மீறிய சுமை. எங்கள் பொறுப்பல்ல." அது அவர் சொந்த வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். "என் தம்பி எப்பவும் அப்படித்தான், ரெண்டு நடை நடக்கச் சோம்பல்பட்டு எல்லாத்தையும் ஒரே நடையில தூக்கப் பாப்பான்" என்று நீ சொன்னாயாம். துணி வெட்டும் பெண் சொன்னாள். அதற்கு முன்பே, வார் பிய்ந்த ஆத்திரத்தில், பட்டறைக்கே வந்து எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பைக்குள்ளே ஒரு சீட்டு தைத்திருக்கிறீர்கள். "மொன்டானாவில், கையால் செய்தது." யார் கை என்று போடவில்லை.

மார்லிஸ் திருப்பி அனுப்ப விடமாட்டாள். ஆனால் என் முதுகில் அது ஏறாது.

எல்டன்


ஹாமில்டன், மொன்டானா
செப்டம்பர் 14, 1994

தம்பி எல்டனுக்கு,

நீ திட்டி எழுதினாலும் எழுதினாயே. தபால்காரர் உறையைக் கொடுத்ததும் வாசலிலேயே பிரித்துவிட்டேன், அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது.

சீட்டு வைக்காததற்குக் காரணம், எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்ததுதான். ஐந்தாவது தாளும் சரிவரவில்லை. பையை மட்டும் கட்டி அனுப்பிவிட்டேன்.

அதைப் பட்டறை நேரத்தில் தைக்கவில்லை. வாரனிடம் துணியை விலைக்கு வாங்கி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் சனிக்கிழமைகளில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தைத்தேன். மற்ற பைகளுக்குத் துணி வெட்டுகிறவள் ஒருத்தி, வார் இணைக்கிறவள் ஒருத்தி, அழுத்தத் தையல் போடுகிறவள் நான். இதில் எல்லாமே நான். பழைய வகை மாதிரி இல்லை. பையை அதைத் தாங்கும் சட்டத்திலிருந்து கழற்றலாம். சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்ட அடியில் ஒரு மடிப்புத் தட்டு இருக்கிறது. கனம் முழுவதும் இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும், தோள் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். முதலில் இடுப்புவாரை இறுக்கு. அப்புறம்தான் தோள்வார். நீ எப்போதும் தலைகீழாகச் செய்வாய்.

நீ அதைப் பார்க்க வேண்டாம், முதுகில் போட்டுக்கொண்டால் போதும். முதுகுக்குக் கண் கிடையாது, கோபமும் கிடையாது.

முழங்கால் குளிரில் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கடிதத்தில் எழுதுகிற சமாசாரம் இல்லை அது. நேரில் சொல்லலாம் என்றால் நீ வரமாட்டாய், நான் வந்தால் கதவைத் திறக்கமாட்டாய். சரி, இன்னொரு நாள்.

இந்த வருஷம் உள்காட்டுக்குப் போகிறாயா? அந்தக் காலோடா?

வெர்னா


சால்மன்
செப்டம்பர் 28, 1994

அக்கா,

போகிறேன். அந்தக் காலோடுதான். அக்டோபர் நாலாம் தேதி நானும் மார்லிஸும் உள்ளே போகிறோம். டிரக்கை விடும் இடத்திலிருந்து பதினோரு மைல். எல்க் மானுக்கு உரிமச் சீட்டு வாங்கியாகிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. கடையில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். மருத்துவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் பார்வையில் இருந்தது.

உன் பையை மார்லிஸ் தூக்கிக்கொள்வாள். பிடிவாதமாக எடுத்துக்கொண்டாள். அதில் காப்பித்தூளும் மாவும் போர்வையும்தான். எனக்கு அப்பாவின் பழைய அலுமினியச் சட்டம் இருக்கிறது. முதுகை அறுக்கும். அறுக்கட்டும், நம்பலாம்.

சொல்ல வேண்டியது இருக்கிறது என்று எழுதி, சொல்லாமல் முடிப்பது உன் பழைய வழக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்தே.

நாங்கள் பதினாறாம் தேதி திரும்புவோம். அதுவரை தபாலை அஞ்சலகத்திலேயே பிடித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்டன்


ஹாமில்டன்
அக்டோபர் 3, 1994

எல்டன்,

நாளைக்கு நீ காட்டுக்குள் போகிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது போய்த் திரும்பியிருப்பாய். அதனால்தான் இன்று எழுதத் துணிந்தேன் போலிருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நீ அதிகம் ஏற்றவில்லை. தையல்தான் விட்டது. என் தையல்.

தோள்வார் சட்டத்தோடு சேரும் இடத்தில் அழுத்தத் தையல் போடுவேன். ஊசி ஒரு விரலகல இடத்தில் நாற்பத்திரண்டு தடவை போய் வரும். மேல்நூலும், அடியில் பாபின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் தையல். பாபின் தீர்ந்துபோனால் மிஷின் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். மேலே நூல் அழகாகப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தையல் மாதிரியே தெரியும். கீழே எதுவும் பிடித்திருக்காது. உன் வலது தோள்வாரில் அப்படித்தான் ஆனது.

நீ பட்டறைக்கு வந்து கத்திய அன்று எனக்கு இது தெரியாது. அது மட்டும் நிஜம். வாரன் "என்ன ஆச்சு?" என்றார். நீ அத்தனை பேர் முன்னால் என்னை அப்படிச் சொல்லிவிட்டுப் போன சூட்டில் "என் தம்பி எப்பவும் அதிகம் ஏத்துவான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கடிதம் போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்துப் பிய்ந்த வார் என் மேஜைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் நூலே இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்ன சொல் வாயிலிருந்து வெளியே போயிருந்தது. அதைத் திரும்ப விழுங்க எனக்குத் தெம்பில்லை.

இன்னும் மோசமானது இருக்கிறது. உன் பையைத் தைத்த அதே நாளில் நான் தைத்த மற்ற பைகள் எவை என்று ஆர்டர் புத்தகத்தில் தேடினேன். ஒன்பது. அலாஸ்காவில் ஒருவர், கொலராடோவில் மூன்று பேர், இப்படி. ஒன்பது பேருக்கும் என் கையால் எழுதி, இலவசப் பரிசோதனை என்று பொய் சொல்லி, பைகளை வரவழைத்து, திரும்பத் தைத்து அனுப்பினேன். அவற்றில் ஒன்றில்கூடக் குறை இல்லை. முகம் தெரியாத ஒன்பது பேருக்கு எழுதினேன். உனக்கு எழுதவில்லை.

உன் கால் போனது, வேலை போனது, பேரும் போனது. மூன்றும் என்னால்.

புதுப் பையை மன்னிப்பாக அனுப்பவில்லை. அது மன்னிப்புக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது, அதனால் அனுப்பினேன்.

வெர்னா


ஐடஹோ ஃபால்ஸ், மருத்துவமனை
அக்டோபர் 20, 1994

அக்கா,

மார்லிஸ் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கால் எலும்புக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள், பனியில் இரண்டு விரல் நுனி போயிற்று, மற்றபடி நன்றாக இருக்கிறாள். இப்போது தூங்குகிறாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

ஒன்பதாம் தேதி காலை பனி ஆரம்பித்தது. பாறைக் குவியலைத் தாண்டும்போது மார்லிஸ் வழுக்கினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லையாம். கூடாரத்துக்கு இழுத்து வந்தேன். அப்பாவின் அலுமினியச் சட்டத்தைக் கோடரியால் உடைத்து, அந்தக் குழாய்களை வைத்துக் காலைக் கட்டினேன்.

"நீ போய் ஆளைக் கூட்டிட்டு வா" என்றாள்.

"போக ஒரு நாள். ஆள் தேட அரை நாள். திரும்பி வர ஒரு நாள். பனி எப்படிக் கொட்டுது பாத்தியா? அதுவரைக்கும் நெருப்புக்கு விறகை யாரு எடுத்துப் போடுவா?"

"அப்போ என்னதான் பண்ணப்போற?"

நான் மூலையில் இருந்த உன் பையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அடப்பாவி, நான் என்ன கறியா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்.

பையைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். நீ சொன்ன அந்த மடிப்புத் தட்டில் அவளை உட்காரவைத்தேன், என் முதுகுக்கு அவள் முதுகு. நான் பார்ப்பது போகிற வழி, அவள் பார்ப்பது வந்த வழி. நூற்றுப் பதினெட்டு பவுண்டு பெண், மேலே குளிர்ச் சட்டை, மடியில் உள்ளே நுழைந்து தூங்குகிற பைகள் இரண்டு. துப்பாக்கியையும் மற்ற எல்லாவற்றையும் மரத்தில் கட்டிவிட்டு வந்தோம். இடுப்புவாரை முதலில் இறுக்கினேன். சிரிக்காதே.

நிற்க முடியும், ஆனால் உட்கார முடியாது. பனியில் உட்கார்ந்தால் திரும்ப எழ முடியாது. அதனால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறையோ விழுந்த மரமோ கிடைத்தால்தான் ஓய்வு. முப்பது வருஷம் அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாள் அதில் உட்காரும் இடத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அடுத்த மரம், அடுத்த பாறை, அவ்வளவுதான் உலகம்.

முதல் நாள் ஒரு மைல்தான். மறுநாள் காலையில் ஒரு சரிவு வந்தது. நான் விழுந்த சரிவு மாதிரியே, கீழே ஓடை. என் கால் நின்றுவிட்டது. முழங்கால் வலி இல்லை. பயம். வலது தோளில் அந்தப் பழைய பிய்ந்த சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது.

"ஏன் நின்னுட்ட?" என்றாள்.

சொன்னேன்.

அவள் கையை வளைத்துப் பின்னால் கொண்டுவந்து, வார் தைத்திருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். "வெச்சிருக்கேன். அசைஞ்சா சொல்றேன். நட."

நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் "அசையல" என்றாள். அடுத்த அடி. "அசையல." இருநூறு அடி சரிவு. கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பிடித்திருந்தாள், உறையோடு நூல் தெரியாதாம். விரல் நுனி போனது அங்கேதான். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எரிந்துபோன காட்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். கரிக்கட்டை மரங்கள், தொடை வரை பனி. பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். இனி முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவளிடம் சொல்லவில்லை.

"எல்டன். நில்லு. திரும்பாத."

"என்ன?"

"பேசாத."

எனக்கு முன்னால் பனியும் கரிமரமும்தான். அவள் என்ன பார்க்கிறாள் என்று தெரியாது. அவள் முதுகு என் முதுகில் நடுங்கியது மட்டும் தெரிந்தது. அப்புறம் மூச்சுச் சத்தம் கேட்டது. எங்களுடையது இல்லை. பெரிய மூச்சு.

இரண்டு பக்கமும் வந்தன, அக்கா. எல்க் மான்கள். மேட்டிலிருந்து பனிக்குப் பயந்து ஆற்றுப் பக்கம் இறங்குகின்றன. முதலில் ஒரு கிழட்டுப் பெட்டை, என் முழங்கைக்கு ஒரு கையெட்டுத் தூரத்தில். முதுகெல்லாம் பனி படிந்து, இமையில் பனி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மரத்தைப் பார்க்கிற மாதிரி. பின்னால் கன்றுகள், பெட்டைகள், பிறகு கொம்பில் பனி சுமந்துகொண்டு ஆண்கள். நூறு வரை எண்ணினேன், விட்டுவிட்டேன். அவற்றின் மூச்சு ஆவியாகி எங்கள் மேல் படர்ந்தது. அந்தக் குளிரில் ஒரு நிமிஷம் எனக்கு முகம் சுட்டது. நிலம் அதிர்வது பாதத்தில் தெரிந்தது. என் சட்டைப் பையில் உரிமச் சீட்டு இருந்தது. அந்த நினைப்பே அப்போது வரவில்லை. நான் வேட்டைக்காரன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தொப்பியைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது. கையை அசைக்கத்தான் துணிவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உட்கார இடமில்லாமல், அவளைச் சுமந்தபடி, நின்ற இடத்திலேயே நின்றேன். முழங்காலுக்கு என்ன ஆயிற்றோ, அது ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் போன பிறகு மார்லிஸ் மெதுவாகக் கேட்டாள். "முன்னாடி எப்படி இருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். தொடை வரை இருந்த பனியில், எனக்கு நேர் முன்னால், ஒரு பாதை. அத்தனை குளம்புகள் மிதித்து, சாலை மாதிரி இறுகிக் கிடந்தது. நாங்கள் போக வேண்டிய திசையிலேயே, ஆற்றை நோக்கி.

"வழி போட்டுட்டுப் போயிருக்கு" என்றேன். அவள் அழுதாள். நானும்தான்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் டிரக்குக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே வந்த பிறகு உன் பையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். துணி பாறையில் உரசி வெளுத்திருக்கிறது. ஒரு பக்கிளில் கீறல். தையலில் ஒரு நூல்கூட எழும்பவில்லை. மலையையும் மிருகத்தையும் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஒரு விரலகல நூலைப் பார்த்து வாய் பிளந்தது இதுதான் முதல் தடவை.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இப்படித் தைக்கிறவள் அன்றைக்குத் தவறாகத் தைத்திருக்க முடியாது. நான்தான் அதிகம் ஏற்றியிருப்பேன். நீ சொன்னதே சரி. எல்லோர் முன்னாலும் உன்னை அவமானப்படுத்தினேன். என்னை மன்னித்துவிடு. வாரனிடமும் சொல்.

உன் தம்பி,
எல்டன்


ஹாமில்டன்
அக்டோபர் 24, 1994

எல்டன்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெட்டை மான் உன்னைப் பார்த்துவிட்டுப் போன இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பத்தி வந்ததும் எனக்குக் குளிரெடுத்தது.

சால்மன் அஞ்சலகத்தில் உனக்காக என் கடிதம் ஒன்று காத்திருக்கிறது. மூன்றாம் தேதி போட்டது. அதைப் படிக்காமல் எனக்கு மன்னிப்பு எழுதிவிட்டாய்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்த கால் மணி நேரத்தில் அந்த அஞ்சலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பெண் நல்லவள். "அனுப்பினது நீங்கதானே? எழுதிக் கேட்டா திருப்பி அனுப்பிடுறோம். இன்னும் இங்கதான் இருக்கு" என்றாள். கையில் பேனாவும் எடுத்துவிட்டேன். நீ என்னை நல்லவள் என்று நம்பிவிட்டாய். அப்படியே விட்டுவிட்டால் போதும். உன் வாயாலேயே பழி உன் மேல் போய்விட்டது.

அப்புறம் மார்லிஸ் கையுறையைக் கழற்றியதை நினைத்தேன். "வேண்டாம்மா, அங்கேயே இருக்கட்டும்" என்று போனை வைத்தேன்.

இன்று காலை வாரனிடம் சொன்னேன். "மூணு வருஷமா, வெர்னா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மதியம் மிஷின்களை நிறுத்தச் சொல்லி, பன்னிரண்டு பெண்கள் முன்னாலும் என்னையே சொல்லச் சொன்னார். நீ நின்று கத்திய அதே இடத்தில் நின்று சொன்னேன். அழுத்தத் தையல் மிஷினிலிருந்து என்னை எடுக்கவில்லை. ஆனால் நான் போடும் ஒவ்வொரு தையலையும் இனி இன்னொருத்தி திருப்பிப் பார்ப்பாள். சரிதான். அவர் உனக்குத் தனியே எழுதுகிறார்.

என் கடிதத்தை வாங்கிப் படி. அப்புறம் நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

மார்லிஸ் விரலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெர்னா


சால்மன்
நவம்பர் 9, 1994

அக்கா,

படித்தேன். உன் இரண்டு கடிதமும், வாரன் கடிதமும்.

பதினைந்து நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அதை எரித்திருப்பாய். முதல் நாள் கொல்லையில் அடுக்கியிருந்த விறகை எல்லாம் உதைத்துத் தள்ளினேன். இந்தக் காலோடு அது எவ்வளவு முட்டாள்தனம் என்று உனக்குத் தெரியும். அப்புறம் நானே பொறுக்கி அடுக்கினேன்.

தையல் விட்டதற்கு எனக்குக் கோபமில்லை. நான் எத்தனை தடவை குறி தவறியிருக்கிறேன். ஒன்பது பேர். அதுதான் நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. அலாஸ்காவில் இருக்கிற எவனோ ஒருவனுக்கு உன் கையால் கடிதம் எழுதியிருக்கிறாய். அதே வாரம் நான் ஊன்றுகோலோடு வேலை கேட்டு அலைந்தேன். என்னை வேலைக்கு வைத்திருந்தவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "சுமை எவ்வளவு ஏத்தணும்னு தெரியாதவன நம்பி ஆளை எப்படி அனுப்பறது, எல்டன்?" அதற்கான பதில் உன் மேஜை இழுப்பறையில் இருந்தது.

இதை எல்லாம் மார்லிஸிடம் உரக்கப் படித்தேன். அவள் மன்னித்துவிடு என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அதற்கும் கத்தத் தயாராக இருந்தேன். அவள் சொன்னது வேறு.

"கோபப்படு. உனக்கு நியாயம் இருக்கு, யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா என்னை நடுவுல வைக்காத. நான் பொழச்சதுக்கு அவ செஞ்சது சரியாப்போச்சுன்னும் சொல்லாத. அவ செஞ்சதுக்கு, நான் பொழச்சது ஒண்ணுமில்லன்னும் சொல்லாத."

நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒரு தட்டில் என் முழங்கால், இன்னொரு தட்டில் அவள். கடையில் ஆணி எடை போடுகிற மாதிரி. முள் நடுவில் நிற்கவே இல்லை.

இரண்டும் நடந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. ஒரே ஆள், ஒரே மிஷின், ஒரே கை. ஒரு தடவை என்னைக் கீழே போட்டது. ஒரு தடவை என் பெண்டாட்டியைப் பதினோரு மைல் தாங்கியது. அந்தக் காட்டில் மான்கள் வந்தபோது என்னென்று புரியாமல் நின்றேனே, இந்த விஷயத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நிற்கிறேன்.

மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். பொய்யாகிவிடும். ஒருநாள் நிஜமாக வந்தால் எழுதுகிறேன். நீ அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்காமல் விட்டாய். அது இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை. அதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது.

மார்லிஸ் கட்டுப்போட்ட காலைப் பின் இருக்கையில் நீட்டி உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்கிறாள். கணவாய்ச் சாலையில் பனி வாரும் வண்டி போய்விட்டால், பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். பேச வரவில்லை. பேசினால் மறுபடி கத்துவேன்.

இருபத்திரண்டு வருஷமாக நீ தைக்கிறாய், நான் தூக்குகிறேன். ஒரு தடவைகூட உன் மிஷின் பக்கத்தில் நின்று நீ வேலை செய்வதைப் பார்த்ததில்லை. கத்த மட்டும் வந்தேன். அந்த நாற்பத்திரண்டு தடவை ஊசி போய் வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்டன்


ஹாமில்டன்
நவம்பர் 14, 1994

தம்பி,

சனிக்கிழமை பட்டறை விடுமுறை. சாவியை வாரனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மார்லிஸ் காலை நீட்டிக்கொள்ள வெட்டும் மேஜையில் மெத்தை போட்டு வைக்கிறேன். மிஷின் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி. அந்த முழங்காலோடு நிற்க வேண்டாம்.

பாபினில் புது நூல் சுற்றி வைக்கிறேன். தைத்ததும் நீயே திருப்பிப் பார். வா.

வெர்னா